டாக்டரம்மாவுக்குத் தெரிய வேண்டாம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அப்பா நன்றாக இருக்கிறார். நேற்றுகூட ஓசூர் பக்கம் மத்திகிரியில் எங்கள் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, என் தங்கை மஞ்சுளா வைத்த ரசத்தில் உப்பே இல்லை என்று வீடியோவில் என்னிடம் புகார் சொன்னார். உப்பைக் குறைக்கச் சொன்னது டாக்டர், திட்டு வாங்குவது மஞ்சுளா. எங்கள் வீட்டு நியாயம் எப்போதுமே இப்படித்தான்.

நான் ஜெர்மனிக்கு வந்து இந்த மாதத்தோடு பத்து வருஷம் ஆகிறது. ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. பத்து வருஷம் முடிகிறதே, ஊரில் இருப்பவர்களுக்காக ஏதாவது எழுதலாம் என்று நினைத்திருந்தேன். பனியைப் பற்றி, கல் மாதிரி இருக்கும் ரொட்டியைப் பற்றி, நேரத்துக்கு வரும் என்று நம்பி வந்த ரயில் இப்போது வராமல் போவதைப் பற்றி எல்லாம் எழுதுவதாக இருந்தேன். ஆனால் போன மாதம் நடந்த ஒரு காரியம் அவற்றையெல்லாம் தள்ளிவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது.

அன்று எனக்கு விடுமுறை. காலையிலேயே ஒரு டாக்டரின் கிளினிக்கில் காத்திருந்தேன். கழுத்தில் தைராய்டு பக்கம் சின்னதாக ஒரு கட்டி. ஊசி வைத்து எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு தெரிந்துகொள்ளத்தான் போயிருந்தேன். ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. வெளிநாட்டில் இருக்கிறவர்கள் எல்லோருக்கும் எழுதாத ஒரு சட்டம் உண்டு. உடம்புக்கு முடியவில்லை என்றால் அது சரியான பிறகுதான் வீட்டுக்குச் சொல்ல வேண்டும். ‘நல்லா இருக்கேன்’ என்று சொல்லிச் சொல்லி அது நாக்கிலேயே தங்கிவிட்டது. வந்த புதிதில் ஒரு டாக்டர் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதும் பழக்கதோஷத்தில் நன்றாக இருக்கிறேன், நன்றி என்று சொல்லிவிட்டேன். அவர் அப்படியானால் எதற்கு வந்தீர்கள் என்பதுபோல் பார்த்தார். எனக்கு அப்போது கடும் காய்ச்சல்.

வரவேற்பில் இருந்த அம்மாள் கணினியைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். சோதனை முடிவு இன்னும் வரவில்லை. ஃபேக்ஸில் வர வேண்டுமாம்.

ஆமாம், ஃபேக்ஸ். உலகத்துக்கே இயந்திரம் விற்கிற நாட்டில் வைத்தியத்துக்கு இன்னும் ஃபேக்ஸ். ஆய்வகம் அடுத்த தெருவில்தான் இருக்கிறது, நானே நடந்துபோய் வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். கூடாதாம், அதற்கு ஒரு முறை இருக்கிறதாம். உங்களுக்கு மின்னணு மருத்துவக் கோப்பு திறந்தாகிவிட்டது என்று இன்சூரன்ஸிலிருந்து எனக்குக் கடிதம்கூட வந்திருந்தது. அதைச் சொன்னேன். “ஆமாம், அது இருக்கிறது,” என்றார் அந்த அம்மாள், தூரத்து உறவினர் ஒருவரைப் பற்றிக் கேட்டதுபோல. பிறகு ஃபேக்ஸ் இயந்திரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அது சும்மா இருந்தது.

அப்போதுதான் என் இந்திய நம்பர் இருக்கும் போன் கைப்பையில் அதிர்ந்தது.

2

அந்தப் போன் ஏன் என்னிடம் இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு இது புதிதல்ல. ஊர் வங்கிக்காக ஒரு பழைய சிம் கார்டை உயிரோடு வைத்திருப்போம். என்னுடைய சிம்முக்குப் போன வருஷத்திலிருந்து இன்னொரு பொறுப்பும் சேர்ந்துகொண்டது.

அப்பா மத்திகிரி மாட்டுப் பண்ணையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு மஞ்சுளாவோடு இருக்கிறார். மஞ்சுளாவுக்கு ஓசூரில் செல்போன் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. செல்போன் செய்கிற இடத்துக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. வாசலிலேயே வாங்கி லாக்கரில் பூட்டிவிடுவார்கள். அப்பாவிடம் இருப்பது பட்டன் போன். சார்ஜ் வீணாகிறது என்று அதைப் பாதி நேரம் அணைத்தே வைத்திருப்பார்.

போன வருஷம் கர்நாடகத்தில் ஆனேக்கல் பக்கம் ஒரு உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதே அப்பாவுக்கு நெஞ்சுவலி. அங்கிருந்தவர்கள் நேராகப் பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரைகள் கொடுத்து, விடாமல் சாப்பிட வேண்டும் என்று சொன்னார்கள். அப்போதே அவருக்கு அரசாங்கத்தின் சுகாதார எண் ஒன்றும் போட்டு, கார்டாகத் தந்தார்கள். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அந்த எண்ணைக் கொடுத்தால், பழைய ஆஸ்பத்திரியில் நடந்ததைப் புது ஆஸ்பத்திரி பார்க்க அனுமதி கேட்கலாம். அந்தக் கேள்வி எந்தப் போனுக்குப் போக வேண்டும் என்று வந்தபோது, லாக்கருக்குள் இருப்பதும் அணைத்துக் கிடப்பதும் உதவாது என்று என் நம்பரைக் கொடுத்தோம். கடல் தாண்டி இருந்தாலும் அதுதான் எப்போதும் விழித்திருக்கிற போன்.

இது வரைக்கும் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஊருக்குத் திரும்பி வருகிற வழியில், அத்திப்பள்ளி தாண்டி, தமிழ்நாட்டு எல்லையான ஜூஜூவாடி வந்ததுமே அப்பா மஞ்சுளாவிடம் தொடங்கிவிட்டாராம்.

“இத டாக்டரம்மாவுக்குச் சொல்லிடாதீங்க.”

டாக்டரம்மா என்றால் ஓசூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி வைத்திருக்கிறவர். எங்களுக்குக் காய்ச்சல் வந்தாலும், தேள் கொட்டினாலும், அவரிடம்தான் போவோம். அம்மாவின் கடைசி நாட்களில் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டுப் போனவர்.

“அவங்கள உட்டுட்டு பெங்களூர் போயி நெஞ்ச காட்டிட்டு வந்தேன்னு தெரிஞ்சா, அவங்க மனசு என்னா ஆவும்?” என்றார் அப்பா.

எங்கள் பக்கத்தில் இது அப்பாவுக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. ஒரு டாக்டரிடம் இன்னொரு டாக்டரின் பெயரைச் சொல்வது, சம்பந்தி வீட்டில் உட்கார்ந்துகொண்டு கைவிட்டுப்போன பழைய சம்பந்தத்தைப் பற்றிப் பேசுவது மாதிரி. பழைய சீட்டுகளைப் பைக்குள் திணித்துவிட்டு, இன்றைக்குத்தான் முதன்முதலாக நோய் வந்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டு உட்காருவார்கள். இதையே பரீட்சையாக வைக்கிறவர்களும் உண்டு. ‘கெட்டிக்கார டாக்டரா இருந்தா அவரே கண்டுபுடிக்கட்டும்’ என்பார்கள். அப்பா பரீட்சை வைக்கிற ஆள் இல்லை. அவருடையது சுத்தமான மரியாதை, அதனால்தான் இன்னும் ஆபத்து.

பெங்களூர் ஃபைல் பீரோவுக்கு மேலே பெட்டிக்கு அடியில் போனது. மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து ஒரு பழைய பவுடர் டப்பாவில் போட்டுக்கொண்டார். நானும் மஞ்சுளாவும் சண்டை போட்டுப் பார்த்தோம். பிறகு நன்றாகத்தானே இருக்கிறார் என்று விட்டுவிட்டோம்.

எங்கள் பக்கத்துச் சானமாவு காட்டில் ஒரு யானைக்கூட்டம் வந்து இறங்கினால், அது கர்நாடகத்திலிருந்து எந்தப் பக்கமாக வந்தது, எத்தனை குட்டி இருக்கிறது என்கிற சேதி, கூட்டம் ரோட்டைத் தாண்டுவதற்கு முன்பே எல்லோர் போனிலும் வந்துவிடும். அதே எல்லையைத் தாண்டி ஒரு மனுஷன் நெஞ்சுக்குள் கம்பிச்சுருள் வைத்துக்கொண்டு வந்தால் யாருக்கும் தெரியாது. எங்கள் ஊரில் யானைக்கு இருக்கிற கவனிப்பு அப்பாவுக்கு இல்லை.

3

போனைத் திறந்தால், ஓசூரில் உள்ள ஆஸ்பத்திரி பெங்களூர் ஆஸ்பத்திரியில் இருக்கும் பதிவுகளைப் பார்க்க அனுமதி கேட்கிறது என்று இருந்தது. அப்பாவின் பெயர். கீழே இரண்டு பொத்தான்கள். அனுமதிக்கலாம், மறுக்கலாம்.

அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். ஊரில் ஒரு கஷ்டம் என்றால் வழக்கமாக அது ‘இப்ப பரவால்ல’ என்கிற முடிவோடுதான் எனக்கு வந்துசேரும். இந்த முறை அடுப்பிலிருந்து இறக்கியபடியே வந்தது.

மஞ்சுளாவைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. லாக்கர். அப்பாவைக் கூப்பிட்டேன். அதிசயமாகப் போன் உயிரோடு இருந்தது. எடுத்தது பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் முனிராஜு.

“யக்கா, நானே கூப்புடலாம்னு இருந்தேன். பெரியவருக்குக் காலைல இருந்து அடிவயித்து வலி. ஹெர்னியாவாம், கொடலு எறங்கி மாட்டிக்கிச்சாம். வாந்தி வேற. நாந்தான் டாக்டரம்மாகிட்ட கூட்டியாந்தேன். இன்னிக்கே ஆபரேஷன் பண்ணணும்னு சொல்லிட்டாங்க. முதுகுல ஊசி போட்டு மரத்துப்போவ வெப்பாங்களாம், அதுக்கு டாக்டர் வந்துட்டாரு.”

“என்ன மாத்திரை சாப்பிடறாருன்னு கேட்டாங்களா?”

“கேட்டாங்கக்கா. பிரஷர் மாத்திரை மட்டுந்தான்னு பெரியவரு சொன்னாரு. கார்டு ஏதாச்சும் இருக்கான்னாங்க, சட்டைப்பைல இருந்துச்சு, எடுத்துக் குடுத்தேன். ஏன்க்கா, வேற ஏதாச்சும் இருக்கா?”

ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரையை அப்பா மறைத்துவிட்டார். முதியோர் இல்லத்தில் இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்குப் பல் பிடுங்குவதென்றால்கூட நாங்கள் முன்கூட்டியே எழுதி அனுப்புவோம். முதுகுத்தண்டில் ஊசி போடுவது அதைவிடப் பெரிய விஷயம். உள்ளே ரத்தம் கசிந்து கட்டிக்கொண்டால் கால் வராமலே போய்விடலாம். யார் யாருடைய அப்பாக்களுக்கோ தினமும் மாத்திரைக் கணக்கு எழுதுகிறேன். என் அப்பாவின் மாத்திரைக்கு எனக்குப் பெயர்கூடத் தெரியவில்லை. பவுடர் டப்பா வீட்டில், ஃபைல் பீரோ மேல், வீட்டுச் சாவி மஞ்சுளாவின் பையில்.

“போன அப்பாகிட்ட குடுங்க.”

அப்பாவின் குரல் வலியில் இழுத்துக்கொண்டு வந்தது. “கண்ணு, ஒன்னும் இல்ல. சின்ன விஷயம்.”

“அப்பா, பெங்களூர்ல நடந்தத சொல்லு. இப்பவே சொல்லு.”

“உஸ்ஸ். அவங்க இங்கதான் நிக்கறாங்க. உன் போனுக்கு ஏதோ வரும்னாங்க, அத அமுத்தாத கண்ணு. நான் அவங்க மூஞ்சில எப்பிடி முழிப்பேன்?”

காத்திருக்கும் அறையில் அத்தனை பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெர்மன் கிளினிக்கில் ஊசி விழுந்தால் சத்தம் கேட்கும். நான் அங்கே நின்று மத்திகிரி பஸ் ஸ்டாப் குரலில் கத்திக்கொண்டிருந்தேன். வரவேற்பு அம்மாள் சுவரில் இருந்த, போனைக் கோடு போட்டு அடித்த படத்தைக் காட்டினார். அந்தக் கோட்டைப் பற்றிக் கவலைப்படுகிற நிலையில் நான் இல்லை.

“அப்பா, பண்ணையில ஒரு மாட்ட ஒரு கொட்டாய்ல இருந்து இன்னொரு கொட்டாய்க்கு மாத்தும்போது, என்ன ஊசி போட்டதுன்னு எழுதின அட்டை கூடவே வரலேன்னா நீ என்ன பண்ணுவ? உள்ள உடமாட்டேன்னு மேஸ்திரிகிட்ட சண்ட போட்ட ஆளு நீ.”

“மாட்டுக்கு வாய் இல்ல, அதுக்கு அட்டை. எனக்கு வாய் இருக்குதில்ல?”

“அந்த வாயத்தான் மூடி வெச்சிருக்கியே!”

பின்னால் ஸ்ட்ரெச்சர் உருளும் சத்தம் கேட்டது. யாரோ கன்னடத்தில் யாரையோ நகரச் சொன்னார்கள். நான் அழுதுவிட்டேன். அழுதுகொண்டே, “நீ சொல்லாம நான் அமுத்த மாட்டேன். ஆனா சொல்லிடு அப்பா. எனக்கு நீ வேணும்,” என்றேன். பத்து வருஷத்தில் அப்பாவிடம் அப்படி நேராக எதையும் கேட்டதில்லை.

“சரி, அமுத்து,” என்றார் அப்பா. பிறகு குரலைத் தாழ்த்தி, “நான் சொன்னேன்னு சொல்லாத. கம்ப்யூட்டரே கண்டுபுடிச்சிருச்சுன்னு சொல்லிடு.”

அமுக்கினேன்.

4

அதற்குப் பிறகு காத்திருந்த நேரத்தைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. ஃபேக்ஸ் இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று மட்டும் ஞாபகம். எனக்காகத்தான் அங்கே போனேன் என்பதே மறந்துவிட்டது.

டாக்டரம்மாவே கூப்பிட்டார்.

“கீதா, நான்தாம்மா பேசறேன். பெங்களூர் ரிப்போர்ட் எல்லாம் வந்துடுச்சு. முதுகுல ஊசி வேணாம்னு நிறுத்திட்டோம். ஸ்டென்ட் வெச்ச டாக்டர்கிட்டயே பேசிட்டேன். முழு மயக்கம் குடுத்துப் பண்றோம், ரத்தமும் ரெடியா வெச்சிருக்கோம். பயப்படாத. நல்லவேளை இது முன்னாடியே தெரிஞ்சுது.”

“மேடம், அப்பா உங்ககிட்ட மறைக்கணும்னு இல்ல. நீங்க ஏதாச்சும் நெனைச்சுக்குவீங்களோன்னு…”

“தெரியும், தெரியும். ரிப்போர்ட்ட கைல எடுத்துட்டு உள்ள போறேன், என்னப் பாத்ததும் கண்ண இறுக்கி மூடிக்கிட்டாரு. மயக்க மருந்து குடுக்கறதுக்கு முன்னாடியே மயக்கம்!” சிரித்தார். பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், “யார்கிட்டயும் சொல்லாத. எனக்கு முட்டி ஆபரேஷன் பெங்களூர்லதான் ஆச்சு. ஊர்ல எல்லார்கிட்டயும் பொண்ணு வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனேன்,” என்றார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஷிஃப்ட் முடிந்து லாக்கரைத் திறந்த மஞ்சுளா அத்தனை தவறிய அழைப்புகளையும் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அங்கே அப்பா முழித்துக்கொண்டு, சாப்பிட எப்போது தருவார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தாராம்.

அதற்கு வெகு முன்பே இங்கே ஒரு காரியம் நடந்திருந்தது. டாக்டரம்மா போனை வைத்ததும் நான் நாற்காலியில் உட்கார்ந்து தேம்ப, வரவேற்பு அம்மாள் ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்தார். அப்பாவுக்கு ஆபரேஷன், இந்தியாவில், என்று சொன்னேன். நடந்ததைத் தட்டுத்தடுமாறி விளக்கினேன். இரண்டு மாநிலம், இரண்டு ஆஸ்பத்திரி, நடுவில் இந்தக் கிளினிக்கில் என் போன். அந்த அம்மாள் என் போனையும் தன் ஃபேக்ஸ் இயந்திரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு அந்த அழுகையிலும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

இயந்திரத்துக்கும் ரோஷம் வந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் கரகரவென்று ஒரு தாளைத் துப்பியது. என் தாள். கட்டி சாதாரணமானது, பயப்பட ஒன்றும் இல்லை, அடுத்த வருஷம் ஒரு முறை பார்த்தால் போதும் என்றார் டாக்டர். ஒரே காலையில் இரண்டு உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது. வெளியே வந்து ரொட்டிக்கடை வாசலில் நின்று, பெரிய இனிப்பு ரொட்டி ஒன்றை வாங்கி முழுசாகத் தின்றேன்.

இப்படி எல்லாமே ஒரு எண்ணுக்குள் போய்விட்டால், நாளைக்கு யார் யார் பார்ப்பார்களோ என்கிற பயம் எனக்கும் இருக்கிறது. அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு என்னிடம் கேட்டார்கள். நான் அப்பாவிடம் கேட்டேன். அவர் சரி என்ற பிறகுதான் கதவு திறந்தது. கேட்டுவிட்டு உள்ளே வருகிறவரைக் கண்டு நான் ஏன் பயப்பட வேண்டும்?

5

என் மகள் கயல் இங்கேயே பிறந்தவள். நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள். தாத்தாவிடம் மட்டும் தமிழ் பேசுவாள், அதுவும் ஒவ்வொரு சொல்லாகக் கழுவிக் காயவைத்து எடுத்ததுபோல. தாத்தா ஏன் டாக்டரிடம் சொல்லவில்லை என்று இரண்டு நாள் என்னைக் குடைந்தாள். மரியாதை என்றேன். அவளுக்கு அது பிடிபடவில்லை. அவள் பள்ளிக்கூடத்தில் மரியாதை என்றால் உள்ளதை உள்ளபடி சொல்வது. எனக்கும் அவளுக்கும் நடுவில் இருக்கிற தூரம் எவ்வளவு என்று இந்த மாதிரி நேரங்களில்தான் தெரிகிறது.

அப்பா வீட்டுக்கு வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசிக்கொண்டிருந்தோம். இப்போது அவர் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்கிறாராம், கேட்காததையும் சேர்த்து. வாரத்தில் ஒரு நாள் அவரைப் பார்க்கப் போய், பெங்களூர் டாக்டர் சொன்னதையும் அதில் தன் கருத்தையும் சொல்லிவிட்டு வருகிறாராம். “அவங்க ஒன்னுமே நெனைச்சுக்கல கண்ணு,” என்று ஆச்சரியமாகச் சொன்னார். போன வருஷத்திலிருந்து சுமந்த ஒரு மூட்டையை இறக்கிவைத்த முகம்.

கயல் திரைக்குள் தலையை நீட்டினாள்.

“தாத்தா, அம்மாவும் சொல்லவில்லை. அம்மாவின் கழுத்தில் ஊசி போட்டார்கள்.”

நான் அவள் வாயைப் பொத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தப் பக்கம் அப்பா அசையவில்லை. படம் நின்றுவிட்டதோ என்று பார்த்தேன். பின்னால் மஞ்சுளா துணி மடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அவள் கையும் நின்றது.

“என்னா ஊசி?” என்றார் அப்பா.

“ஒன்னும் இல்லப்பா. சின்ன விஷயம்.” சொன்ன பிறகுதான், அது யாருடைய வாக்கியம் என்று எனக்கே உறைத்தது.

“சின்ன விஷயமா?” அப்பாவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். “என்னுத நீ பாத்துட்ட. நான் சரின்னு சொன்னேன். உன்னுத எடு.”

அலமாரியிலிருந்து அந்த ஃபேக்ஸ் தாளை எடுத்து வந்து கேமரா முன்னால் பிடித்தேன். “இரு, கண்ணாடி,” என்று எழுந்துபோய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து போனை மூக்குக்கு அருகில் கொண்டுபோனார். திரை முழுவதும் அவருடைய ஒரு கண்.

“இன்னும் கொஞ்சம் மேல தூக்கு. ம். கீழ. அந்தக் கடைசி வரிய காட்டு.”

“அப்பா, அது ஜெர்மன். உனக்கு என்ன தெரியப்போவுது?” என்றாள் மஞ்சுளா பின்னாலிருந்து.

“நீ சும்மா இரு.”

மேலிருந்து கீழே, ஒரு வரிகூட விடாமல் பார்த்தார். புதிதாக வந்த மாட்டின் அட்டையை அவர் அப்படித்தான் பார்த்திருப்பார். டாக்டரின் கையெழுத்தில் கொஞ்சம் நின்றார். நான் கை வலிக்க வலிக்கத் தாளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது இறங்கவே கூடாது என்று இருந்தது எனக்கு.

கடைசியில் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“சரி கண்ணு,” என்றார். “இத டாக்டரம்மாவுக்கும் ஒரு காப்பி அனுப்பிடு.”